சத்தம் போடாத பெட்டி

மத்திய மலைநாட்டு மின்னளவு அத்தாட்சிப் பணியகம் என்று ஒன்று கண்டியில், கட்டுகஸ்தோட்டை ரோட்டில், ஒரு பழைய பங்களாவுக்குள் இருந்தது. அந்தப் பெயரை மூச்சு வாங்காமல் சொல்லக்கூடிய ஒரே மனிதர் அதன் பணிப்பாளர் யோகேந்திரன் அவர்கள்தான். மற்றவர்கள் அளவுக் கந்தோர் என்பார்கள். கட்டடங்களில் மின்சாரம் போகக்கூடாத இடத்துக்குக் கசிகிறதா என்று அளந்து, முத்திரை குத்திய அத்தாட்சி கொடுப்பது அதன் வேலை. கசிந்தால் அதை நிறுத்துவது அதன் வேலை அல்ல. இதை யாராவது மறந்துவிடுவார்களோ என்ற கவலையில் பணிப்பாளர் கிடைத்த மேடையில் எல்லாம் சொல்லிவிடுவார்: "நாங்கள் அளக்கிற ஆக்கள். ஆளைக் காப்பாத்துறது எங்கட பொறுப்பிலை இல்லை."

அந்தக் கந்தோரில் முத்துலிங்கம் பதினேழு வருஷமாகத் தொழில்நுட்ப உதவியாளன். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகள் ஒன்றில் பிறந்து, அந்த லயத்திலிருந்து கந்தோர் உத்தியோகத்துக்குப் போன முதல் ஆள். ஆகையால் அவனுக்கு விதிமுறைகளில் ஒரு பக்தி இருந்தது. எந்தப் படிவத்தையும் மூன்று பிரதி எழுதுவான். எங்கே போனாலும் வெளிக்களக் குறிப்புப் புத்தகத்தில் செய்ததை எல்லாம் எழுதிவைப்பான். ஒரு நாள் மழையில் வழுக்கி விழுந்ததைக்கூட நேரம் போட்டு எழுதியிருந்தான்.

கந்தோரின் பெருமை ஒரு பெட்டி. ஏதோ ஒரு குளிர்தேசத்து அரசாங்கம் தானமாகத் தந்தது. முன்பு வோல்ட் பார்க்க ஒரு மீற்றர், தடை பார்க்க ஒன்று, கசிவு பார்க்க இன்னொன்று என்று மூன்றையும் தோளில் மாட்டிக்கொண்டு முத்துலிங்கம் மலை ஏறினான். பெட்டி வந்ததும் ஒன்றே போதும் என்றாயிற்று. கம்பியூட்டர் கட்டளை கொடுத்தால் பெட்டி தானாகவே ஓர் அளவிலிருந்து அடுத்த அளவுக்கு மாறும். மாறும்போது உள்ளேயிருக்கும் சின்னச் சுவிட்ச் 'டிக்' என்று அடிக்கும். முழுதாக அளந்து முடிக்கப் பன்னிரண்டு டிக். அத்தனையும் காதில் விழுந்தால் பெட்டி வேலை செய்கிறது என்று அர்த்தம். பெட்டி வந்த கையோடு பணிப்பாளர் ஒரு சுற்றறிக்கை விட்டார்: இனிமேல் கம்பியூட்டர் அச்சடித்துத் தராத எந்த அளவும் அளவாகாது.

அப்புறம் இரண்டாயிரமாம் ஆண்டு நெருங்கியது. திகதி மாறியதும் பழைய கம்பியூட்டர்களுக்கெல்லாம் புத்தி பேதலித்துவிடும் என்று கொழும்பிலிருந்து கடிதம் வந்ததால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மூன்றையும் பின்பக்கத்துக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கே கூரை ஒழுகும். திகதி மாறுவதற்கு முன்பே அவை செத்துப்போயின. "பாத்தீரோ, சொன்னபடியே நடந்திட்டுது" என்றார் பணிப்பாளர்.

புதிய கம்பியூட்டர்கள் புதிய இயங்குதளத்தோடு வந்தன. பெட்டியைக் கொண்டுபோய் மாட்டியதும் திரையில் ஒரே ஒரு வரி விழுந்தது: இந்தச் சாதனத்தை எனக்குத் தெரியாது. கம்பியூட்டரும் பெட்டியும் பேசிக்கொள்ள நடுவில் ட்ரைவர் என்று ஒரு சின்னப் புரோகிராம் வேண்டும். பெட்டியோடு வந்த ட்ரைவர் பழைய இயங்குதளத்துக்கு எழுதியது. புதியது அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் முத்துலிங்கத்தின் அக்கா வீரம்மா பஸ் ஏறிக் கண்டிக்கு வந்தாள். லயத்தின் பின்பக்கத்துக் குசினிகள் எல்லாம் தகரச் சுவர். அந்தச் சுவர் இரண்டு மாதமாக ஆளைக் கடித்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் மழைக்கு அதில் உரசிய பசு நின்ற இடத்திலேயே விழுந்து செத்துவிட்டது. மருமகள் பாலம்மாவுக்கு ஏழு மாதம். அவள் சமைப்பது அந்தத் தகரத்துக்கு ஒரு முழம் தள்ளி.

"தம்பி, பசு போனது போவட்டும். அந்தப் புள்ள ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு ஒலை வைக்குது. நாள் பூரா அத பாத்துக்கிட்டே நான் கொழுந்து பறிக்கப் போவ முடியுமா? ஏதாச்சும் பண்ணு."

"நீங்களே கரண்டு லைன கழட்டலாம்லக்கா?"

"கழட்டவா? சுவிச்சுப் பெட்டிக்கு ஒங்க ஆபிசுதானே ஈய முத்திரை வச்சிருக்கு! தொட்டா பொலிசுன்னு எழுதி ஒட்டியிருக்கு. தோட்டத்துத் தொரைகிட்ட கேட்டா, அளவுக் கந்தோரு மோசம்னு எழுதிக் குடுத்தாத்தான் வயரு மாத்துவேன்றாரு."

முத்துலிங்கம் அக்காவைப் பிரதம லிகிதர் சத்தியபாமாவிடம் கூட்டிப் போனான். அந்த அம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு முறைப்பாட்டுப் படிவத்தை எடுத்தார்.

"சுவர் கடிக்குது எண்டு எழுத ஏலாது. கடிச்ச அளவு எவ்வளவு?"

"அளவா? பசு செத்துப் போச்சுங்கம்மா."

"அது விளைவு. நான் கேக்கிறது அளவு. அளவு தெரியாட்டி முறைப்பாட்டைப் பதிய ஏலாது."

"அளக்கத்தானேம்மா ஒங்ககிட்ட வந்திருக்கோம்?"

"ஓம். பதிஞ்சால்தான் அளக்க வருவினம்."

வீரம்மா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முத்துலிங்கம் பழைய கை மீற்றரை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் வைத்துப் பார்த்தான். நூற்று நாற்பது வோல்ட். திங்கட்கிழமை விடிந்ததும் மூன்று பிரதி எழுதிக்கொண்டு பணிப்பாளர் முன்னால் போய் நின்றான். பணிப்பாளர் முதல் பிரதியை வாசித்தார். இரண்டாவது பிரதியையும் வாசித்தார்.

"இது கையால எழுதினதெல்லோ?"

"ஆமாங்க சேர்."

"கையால எழுதின வோல்ட், வோல்ட் இல்லைக் காணும். நாளைக்கு ஒவ்வொருத்தனும் தன்ர தன்ர கையால வோல்ட் எழுதிக்கொண்டு வந்தால் இந்த ஸ்தாபனம் எதுக்கு? பெட்டி சொல்லட்டும். பெட்டியைச் சரிப்படுத்தும்."

சரிப்படுத்துவதற்காக முத்துலிங்கம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போனான். பெட்டியை விற்றவர்களின் முகவர் கந்தோரில் குளிரூட்டி போட்டிருந்தது. கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர், இந்த ரகத்துக்குப் புதிய ட்ரைவர் எழுதப்போவதில்லை என்று கம்பனி முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார். பெட்டி நன்றாக இருக்கிறதே என்றான் முத்துலிங்கம். அதுதான் பிரச்சினை என்றார் அவர். பழுதாகியிருந்தால் புதியது வாங்கியிருப்பீர்கள்.

திரும்பும் வழியில் பிலிமத்தலாவைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். முத்துலிங்கத்தின் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் சிப்பாயின் முகம் மாறியது. மடியிலிருந்த பெட்டியைப் பார்த்ததும் இன்னும் மாறியது. "மே மொகக்த?" இது என்ன என்று கேட்டான்.

மின்சாரம் அளக்கிற கருவி, அரசாங்கத்துச் சாமான் என்று முத்துலிங்கம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லிக் கடிதத்தை நீட்டினான். சிப்பாய் கடிதத்தை விட்டுவிட்டுப் பெட்டியின் பச்சைப் பொத்தானை அமுக்கினான். உள்ளே பற்றரி இருந்தது. பெட்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளத் தொடங்கியது. டிக். டிக். டிக்.

ஐயோ, அந்த இடம் பட்ட பாடு! நாலு சிப்பாய்கள் மணல் மூட்டைக்குப் பின்னால் பாய்ந்தார்கள். பஸ் சாரதி ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் குதித்தான். வத்தேகமவுக்குப் போகவிருந்த ஒரு கிழவர் வேட்டியைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு ரோட்டிலேயே படுத்துவிட்டார். நின்றது முத்துலிங்கம் மட்டும்தான். பழக்க தோஷத்தில் அவன் டிக்கை எண்ணிக்கொண்டு நின்றான். பன்னிரண்டும் சரியாக இருந்தது. பிறகு நாலு மணித்தியாலம் கைகளைப் பிடரியில் கோத்தபடி வெயிலில் முட்டுக்காலில் இருக்கவிட்டார்கள். கந்தோருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார்கள். அப்படி ஒரு ஆள் எங்களிடம் இருப்பதாகத்தான் நினைக்கிறோம் என்று பதில் வந்ததாம். பதினேழு வருஷம்! மாலையில் விட்டார்கள்.

மறுநாள் பணிப்பாளர் அவசரக் கூட்டம் வைத்தார். முட்டுக்கால் தோல் உரிந்த முத்துலிங்கத்தை ஓரத்துக் கதிரையில் இருத்திவிட்டு எழுந்து பேசினார்.

"நேற்று எங்கட ஸ்தாபனத்தின்ர மானம் நடுரோட்டில போயிருக்கு. நாடு இருக்கிற நிலைமையில, ஒரு தமிழ் ஆள் பணிப்பாளராய் இருக்கிற கந்தோரில இருந்து ஒரு பெட்டி டிக் டிக் எண்டு அடிக்கலாமோ? இருபத்தெட்டு வருஷம் நான் சத்தம் போடாமல் இருந்துதான் இந்தக் கதிரைக்கு வந்தனான். எண்பத்து மூண்டு கலவரத்திலயும் நான் சத்தம் போடேல்லை. எனக்கு ஒரு ட்ரைவர் வேணும். பிழைச் செய்தி வரக்கூடாது. பெட்டி சத்தம் போடக்கூடாது. அச்சடிச்ச தாள் வரவேணும். அவ்வளவு போதும்."

ட்ரைவர் ஆதரவு உபகுழு என்று ஒன்று அமைந்தது. ஏழு பேரில் ஒருவருக்கும் ட்ரைவர் எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த பஹ்மி, கம்பியூட்டர் பகுதியில் நாள்கூலிக்கு இருந்த பெடியன், உபகுழுவில் இருக்கத் தரம் போதாதாம். அவன் வெளியே வாங்குப் பலகையில் இருந்து எழுதினான். பெட்டியின் உள் விவரம் ஒன்றையும் கம்பனி தரவில்லை. இரண்டு கிழமை மண்டையை உடைத்துக்கொண்டு பார்த்தான். பிறகு உபகுழு கேட்டதை மட்டும் எழுதிக் கொடுத்தான்.

பெட்டியை மாட்டினார்கள். பிழைச் செய்தி வரவில்லை. திரையில் பன்னிரண்டு கட்டமும் பச்சையாக எரிந்தன. ஒவ்வொன்றிலும் 0.00 என்று விழுந்தது. பணிப்பாளர் கை தட்டினார். உபகுழுவும் தட்டியது.

முத்துலிங்கம் பெட்டியில் காதை வைத்துக் கேட்டான். "சேர், டிக் அடிக்கல்லீங்க. உள்ள சுவிட்ச் மாறல்ல. இது ஒன்னையும் அளக்கல்லீங்க சேர்."

"அடிக்காத பெட்டிதான் காணும் நல்ல பெட்டி."

வெளியே வந்ததும் பஹ்மி அவனைச் சுவரோரமாக இழுத்தான். அவன் பேச்சில் அண்ணன் என்றால் நானா. "நானா, அல்லாவுக்காகக் கோவிச்சிக்கொள்ள வாணாம். அந்த ட்ரைவர் பெட்டியோட பேசுறதே இல்ல. கம்பியூட்டர் என்னத்தக் கேட்டாலும், எல்லாம் சரி, பூச்சியம் எண்டு சொல்லும். அவ்வளவுதான் எழுதி ஈக்கிது. நான் சொன்னன் நானா. அவங்க, சோக்கா ஈக்கிது எண்டாங்க."

இந்த நாட்டில் அப்படிப் பதில் சொல்லத் தெரிந்த எவனும் முன்னுக்கு வராமல் போனதில்லை. ட்ரைவரும் முன்னுக்கு வந்தது. ஒரே மாதத்தில் கிட்டத்தட்ட நானூறு அத்தாட்சிகள் அச்சாகின. கொழுந்து நிறுக்கும் மடுவம், ஆலை, பள்ளிக்கூடம், கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா, எல்லாவற்றிலும் கசிவு பூச்சியம். ஒரு கடைக்காரர் வயரே இழுக்காத கட்டடத்துக்கும் ஒன்று வாங்கிப் போனார். கொழும்பிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. நானூறாவது அத்தாட்சியை விழா எடுத்து வழங்குவதென்று தீர்மானமாயிற்று. எங்கே என்று பார்த்தால், பசு செத்த லயம். பசு செத்ததைப் பற்றி யாரோ பத்திரிகைக்கு எழுதிப்போட்டிருந்த முறைப்பாட்டுக்கு அது பதிலாகவும் இருக்குமாம்.

அன்று காலை ஹேவாஹெட்டயில் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஜீப்பில் கம்பியூட்டர் வந்தது, பெட்டி வந்தது, ஆளுயரக் குத்துவிளக்கு வந்தது. லயத்து வாசலில் ஜனங்களை வரிசையாக நிறுத்தினார்கள். பாலம்மா வயிற்றைத் தாங்கிக்கொண்டு, ரப்பர் செருப்போடு, தகரத்திலிருந்து எட்ட நின்றாள். முத்துலிங்கம் சிவப்பு வயரைச் சுவரில் கவ்வ வைத்தான். பன்னிரண்டு பச்சை. பன்னிரண்டு பூச்சியம். பெட்டி மூச்சு விடவில்லை. அச்சடித்து வந்த தாளில் அளந்தவர் என்ற இடத்தில் அவன் கையெழுத்துப் போட வேண்டும். போட்டான். பொலிசையும் பிலிமத்தலாவை வெயிலையும் நினைத்துப் போட்டான். அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள் என்பதை இங்கே சொல்லாமல் விடக் கூடாது.

பணிப்பாளர் சப்பாத்தையும் மேஸ் என்கிற காலுறையையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு விளக்கேற்றினார். அதே காலோடு ஈர மண்ணில் நின்று பேசினார்.

"தோட்டத்துச் சனம் படிப்பறிவில்லாத சனம். சுவர் கடிக்குது எண்டு ஒருத்தன் சொன்னால் எல்லாருக்கும் கடிக்கத் தொடங்கும். இது மனப்பிராந்தி. விஞ்ஞானம் பூச்சியம் எண்டு சொன்ன பிறகு கடிச்சால், அது சுவரின்ர பிழை இல்லை, உங்கட உடம்பின்ர பிழை. இனிமேல் பயப்பிடாதேங்கோ."

பேசி முடித்தவர் அத்தாட்சியை வீரம்மாவின் கையில் கொடுத்தார். படம் பிடித்தார்கள். பிறகு மேஸைப் போடுவதற்காக ஒற்றைக் காலில் நின்று, விழாமல் இருக்கத் தகரச் சுவரைப் பிடித்தார்.

கை அப்படியே ஒட்டிக்கொண்டது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பணியகத்து ஆட்கள் ஏழு பேரும் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து மரியாதையாக நின்றார்கள். லயத்து ஆட்களுக்கு இது பழக்கம். குசினி வாசலில் இதற்கென்றே காய்ந்த விறகுக் கட்டை சாத்தி வைத்திருந்தார்கள். வீரம்மா அதைத் தூக்கிப் பணிப்பாளரின் முழங்கையில் ஓங்கி ஒன்று போட்டாள். கை விடுபட்டது. அவர் கானில் போய் விழுந்தார்.

மூன்று நாள் கழித்துக் கையில் கட்டோடு கந்தோருக்கு வந்தவரிடம் விபத்து விடுமுறைக்குக் காரணம் என்ன போடுவது என்று சத்தியபாமா கேட்டார். மின்சாரம் என்று போட்டால் அத்தாட்சியோடு இடிக்குதே, சேர். பணிப்பாளர், விறகுக் கட்டையால் தாக்கப்பட்டமை என்று எழுதச் சொன்னார்.

முத்துலிங்கத்தால் பொறுக்க முடியவில்லை. "சேர், நீங்களே கரண்டு அடி வாங்கினீங்களே. இப்பயாவது அந்த அத்தாட்சிய ரத்துப் பண்ணுங்க சேர். பாலம்மாவுக்கு ஒம்பதாவது மாசம்."

"நான் ஒருத்தன் அடி வாங்கினதுக்காக நானூறு அத்தாட்சியைக் கிழிக்கிறதோ? கொழும்புக்கு என்ன சொல்லுறது? உம்மட அக்காவில வழக்கு வைக்காமல் விட்டிருக்கிறன். அது என்ர பெருந்தன்மை. போய் வேலையைப் பாரும்."

பதினேழு வருஷமாக முத்துலிங்கம் மூன்று பிரதி எழுதிக் கொடுத்தது இந்த மனிதருக்குத்தானா? கொல்லைப்பக்கம் போய்க் காறித் துப்பினான். அதிலும் ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் லயத்துக்குப் போய்ச் சுவிட்ச் பெட்டியின் ஈய முத்திரையை உடைத்தான். பியூசைக் கழற்றினான். கூரை ஏறிப் பார்த்தான். தூணிலிருந்து வந்த வயர் தகர விளிம்பில் உரசி உரசித் தோல் போய்ச் செம்பு பல்லை இளித்துக்கொண்டிருந்தது. சைக்கிள் டியூப் ஒரு துண்டு வைத்து, மின்சார டேப் சுற்றி, வயரைத் தகரத்தில் படாமல் இழுத்துக் கட்டினான். பியூசைத் திரும்பப் போட்டு, கை மீற்றரை வைத்துப் பார்த்தான். ஊசி அசையவில்லை. எல்லாமாகப் பதினைந்து நிமிஷம். ஒரு பசுவும் நாலு மாதமும் ஏழு பேர் உபகுழுவும் போன வேலை.

அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் உடைந்த முத்திரையைக் கந்தோரில் ஒப்படைக்க வேண்டும் என்று விதி இருக்கிறதே! முத்துலிங்கம் திங்கட்கிழமை ஈயத் துண்டைக் கடித உறையில் போட்டு, வெளிக்களக் குறிப்பையும் எழுதி, மூன்று பிரதியோடு சத்தியபாமாவின் மேசையில் வைத்தான். 'வயர் சுற்றினேன். சுவரில் இப்போது மின்சாரம் இல்லை.'

புதன்கிழமை விசாரணை. பணிப்பாளர் கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அரச முத்திரையை உடைச்சு மின்சாரத்தில கை வைச்சிருக்கிறீர். இந்தக் காலத்தில இதுக்குப் பேர் நாசவேலை, தெரியுமோ? சரி. உடைக்கிறதுக்கு முதல் அந்தச் சுவரில எவ்வளவு?"

"நூத்தி நாப்பது வோல்ட் சேர்."

"அத்தாட்சியில? நீர் ஒப்பம் வைச்ச அத்தாட்சியில?"

"பூச்சியம்."

"உடைச்ச பிறகு?"

"பூச்சியம் சேர்."

"அப்ப நீர் என்னத்தைத் திருத்தினீர்?"

முத்துலிங்கம் அவருடைய கைக்கட்டைப் பார்த்தான். பணிப்பாளர் கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

"எழுதுங்கோ சத்தியபாமா. திருத்தினது ஒண்டும் இல்லை. முத்திரை மட்டும் உடைஞ்சிருக்கு. பொலிசுக்குக் குடுக்கேல்லை, இவரின்ர குடும்பத்தை யோசிச்சு. வேலை இடைநிறுத்தம்."

அன்று பின்னேரமே முத்துலிங்கம் ஹேவாஹெட்ட பஸ்ஸைப் பிடித்தான். சட்டைப் பையில் கடிதம். அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு போனான். குசினிக்குள் நுழைந்ததும் யோசித்தது எல்லாம் மறந்துபோயிற்று. தகரச் சுவரில் முதுகு முழுவதையும் சாய்த்து, காலை நீட்டி, வெறுங்காலோடு பாலம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். வயிற்றின்மேல் அவள் கை கிடந்தது. தலைக்கு மேலே சட்டம் போட்ட அத்தாட்சி தொங்கியது. அது சொன்னது இப்போது உண்மையாகிவிட்டிருந்தது.

"எழுப்பாத தம்பி," என்றாள் வீரம்மா மெதுவாக. "மூணு நாளா இப்படித்தான் வந்து சாஞ்சிக்கிது. இப்பதான் செவுரு செவுரா இருக்கு."

முத்துலிங்கம் வாசலில் சப்பாத்தைக் கழற்றினான். கடிதத்தைப் பையிலேயே விட்டுவிட்டு, பாலம்மாவின் தூக்கம் கலையாதபடி, அவனும் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.